வெற்றிலையோடு புகையிலை போடுபவரின் வாயை வீட்டில் சோதிப்பது எப்படி

அப்புவையோ ஆச்சியையோ கதிரையில் இருத்தி, வாயைத் திறக்கச் சொல்ல முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "வெத்திலையை எந்தக் கொடுப்புக்கை அடக்கிறனீங்கள்?" வாய்ப்புற்றுக்கு வழிவிடும் பழுது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் தொடங்கும். புகையிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மணிக்கணக்காகக் கன்னத்தின் ஒரே இடத்தில் ஊறிக் கிடக்கின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை நிக்கொட்டின் வேகமாக உடம்பில் ஏற வழிவிடுகிறது, தோலையும் அரிக்கிறது. இரவு வாயில் அடக்கிக்கொண்டே படுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட.

கட்டுப்பல் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். வெற்றிலைச் சிவப்பு படிந்திருந்தால் உள்ளே இருப்பது தெரியாது. நல்ல டோர்ச் வெளிச்சமும் கழுவிய கையும் போதும். உதட்டின் உட்புறம், இரண்டு கன்னங்கள், முரசு, அண்ணம் என்று வரிசையாகப் பாருங்கள். பிறகு நாக்கை வெளியே நீட்டச் சொல்லி, நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நாக்கை மேலே தூக்கவைத்து அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பலர் தவறவிடும் இடங்கள் இந்த ஓரமும் அடியும்தான்.

வெள்ளைப் படலம் கண்டால் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் போவது பூஞ்சணமாகவோ உணவுப் படிவாகவோ இருக்கலாம். ஒட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளைத் தழும்பைப் பல் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். வெல்வெட்டுத் துணி போன்ற சிவப்புத் திட்டு அதைவிட ஆபத்தானது. அதற்கு ஒரு கிழமைகூடப் பொறுக்க வேண்டாம். பிறகு விரலால் தடவிப் பாருங்கள். தடித்த இடம், கட்டி, 2 கிழமை கடந்தும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கழலை ஆகியவையும் அதே கணக்குத்தான். "நோவில்லைத்தானே" என்று விடுவதுதான் மிகப் பெரிய பிழை: வாய்ப்புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் நோவதில்லை. ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டால் சரி என்று நினைப்பதும் அப்படியே, காரணம் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

அடுத்தது வாய் திறக்கும் அளவு. அவருடைய சொந்த விரல்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக முன்பற்களுக்கு இடையில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டுதான் போகிறது, உறைப்புக் கறி பட்டால் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளிறி நார் போல இறுகியிருக்கிறது என்றால் அது பாக்கு செய்த வேலை. மாவாவும் (பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்தது) பாக்குப் பைக்கற்றும் மெல்லும் இளையவர்களிடமும் இதைப் பார்க்கிறோம். அந்த இறுக்கம் தானாக இளகாது. அதனால் புகையிலையை மட்டும் விட்டுப் பாக்கைத் தொடர்வதில் பயனில்லை. பாக்கே புற்றுநோய்க் காரணி. இலங்கையில் புகையிலை கலந்த மெல்லும் பொருட்கள் 2016இல் தடைசெய்யப்பட்டும் பழக்கம் ஒழியவில்லை.

சந்தேகம் வந்தால் அருகிலுள்ள அரச பல் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள், காசில்லை. தேவையென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். சிறு துண்டு வெட்டிச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். அந்தப் பயத்தில் தாமதிப்பதுதான் உயிருக்கு உலை.

பழக்கத்தை விடும்போது முதல் 3 நாள் எரிச்சலும் நித்திரையின்மையும் அதிகம், சில கிழமைகளில் தணியும். வெறுவாயில் இருக்க முடியாதவருக்குப் பெருஞ்சீரகமோ ஏலக்காயோ கொடுங்கள். வெற்றிலைத் தட்டத்தையும் பாக்குவெட்டியையும் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். வெள்ளைத் தழும்புகள் பழக்கத்தை விட்டபின் மறைவதுண்டு. மறைந்தாலும் வைத்தியர் சொன்ன தவணைக்குப் போகவேண்டும், வீட்டிலும் மாதம் ஒருமுறை அதே கொடுப்பை டோர்ச் அடித்துப் பாருங்கள்.