மனநோய் பற்றி இணையத்தில் பேசும் பரியாரிமார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஒருவர் நித்திரையில்லாமல் தவித்து, தன்பாட்டில் கதைக்கத் தொடங்கினால், வீட்டார் பல நேரம் ஆஸ்பத்திரிக்கு முன் வேறிடம்தான் போவார்கள். கோயிலில் திருநீறு போடுவிப்பார்கள். மூதூர், கிண்ணியாப் பக்கம் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். தலைமுறை வைத்தியம் செய்யும் பரியாரியார் வீட்டுத் திண்ணையில் போய் இருப்பார்கள். இப்போது அந்தக் கேள்விகள் வட்ஸ்அப்பிலும் முகநூல் நேரலையிலும் வருகின்றன. கட்டாரில் வேலை செய்யும் மகன், ஊரிலுள்ள அம்மாவுக்காகக் குரல்பதிவு அனுப்பிப் பரிகாரம் கேட்கிறார்.

பரியாரிமார் மனநோயைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சனம் உங்களை நம்புகிறது. நேரமெடுத்து அவர்கள் கதையைக் கேட்கிறீர்கள். அந்த நம்பிக்கை பெரிது என்பதால்தான், கைத்தொலைபேசியில் சொல்லும் ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றவும் செய்யும், கெடுக்கவும் செய்யும்.

முதலாவது தவறு, ஆளைப் பாராமல் மருந்து சொல்வது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வை நீங்கள் அறிவீர்கள்: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். குரல்பதிவில் வருவது மொழி ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் நோயாளியின் மொழியல்ல, உறவினருடையது. கிரிகை என்று சித்த மருத்துவம் சொல்லும் மனநோய்களைப் பதினெட்டாகப் பிரித்துப் பார்த்த ஒரு மரபில் நின்றுகொண்டு, எல்லாருக்கும் ஒரே சூரணத்தைக் காணொளியில் சொல்வது அந்த மரபுக்கே அடுக்காது.

மூலிகைதானே, என்ன செய்யும் என்ற எண்ணமும் இதோடு சேர்ந்தது. சர்ப்பகந்தி வேரை மனக்குழப்பத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுத்துப் பார்த்து, 1931இல் இந்திய மருத்துவர் இருவர் கட்டுரை எழுதினார்கள். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். வேரில் உண்மையான வீரியம் இருக்கிறது. அதனால்தான் பயப்பட வேண்டும். அது இரத்த அழுத்தத்தை இறக்கும், மனச்சோர்வு உள்ளவருக்கு ஆகாது. ஊமத்தை விதை அளவு மீறினால் இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும், நெஞ்சு படபடக்கும், உயிருக்கே ஆபத்தாகும். அளவையும், நஞ்சை நீக்கும் சுத்தி முறையையும் மூன்று நிமிடக் காணொளி பார்த்துப் படிக்க முடியாது.

ஆனால் எல்லாவற்றிலும் மோசமானது, “அந்த இங்கிலிஷ் குளிசையை முதலில் நிப்பாட்டுங்கோ” என்று சொல்வது. நீங்கள் அவருடைய கிளினிக் கொப்பியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வலிப்புக்கு எடுக்கும் குளிசையைச் சட்டென்று நிறுத்தினால், ஓயாத வலிப்பு வந்து ஆள் இறந்தும் போகலாம். மனச்சோர்வுக்கான குளிசை வேலைசெய்யவே சில வாரங்கள் எடுக்கும். இரண்டு வாரத்தில் “சுகமில்லை” என்று வருபவரை நிறுத்தச் சொன்னால், பலன் தெரிவதற்கு முன்பே கைவிட வைக்கிறீர்கள்.

நிறுத்தச் சொல்லாவிட்டாலும் ஆபத்து வரக்கூடிய ஓர் இடம் உண்டு. மனம் மாறிமாறி எழும்பி விழும் நோய்க்கு லித்தியம் என்ற குளிசை கொடுப்பார்கள். அதை எடுப்பவருக்கு உப்பில்லாப் பத்தியம் சொன்னால், இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். பேதிக்குக் கொடுத்து உடம்பில் நீர் வற்றினாலும் அப்படித்தான். கை நடுங்கும், வாந்தி வரும், தள்ளாடும், நினைவு தப்பும். நல்ல எண்ணத்தோடு சொன்ன பத்தியமே நஞ்சாகிவிடும். ஆகவே எவர் கேட்டாலும் உங்கள் முதல் கேள்வி “வேறென்ன மருந்து எடுக்கிறார்?” என்பதாக இருக்கட்டும். நூலும் கட்டலாம், திருநீறும் பூசலாம், குளிசையும் தொடரலாம். இதை உங்கள் வாயால் சொன்னால் வீட்டார் கேட்பார்கள், டொக்டர் சொல்வதைவிடக்கூட.

செய்வினை, சூனியம் என்று சொல்லி ஆளைச் சுட்டுவதும் கூடாது. “கிட்டடியில் இருக்கிற ஒரு பொம்பிளைதான்” என்று நேரலையில் சொன்னால், கீழே கருத்துகளில் பெயர் வரத் தொடங்கிவிடும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் மாவட்டம் இது. ஒரு வீட்டு நோய் ஊர்ச் சண்டையாக மாற அதிக நேரம் எடுக்காது. 2004 சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும், 2006இல் போரால் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும், காணாமல் போனவரை இன்னும் தேடுபவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் துக்கத்துக்கு நாம் எல்லாரும் அறிந்த காரணம் இருக்கும்போது, அயலவரை எதற்குக் குற்றவாளியாக்க வேண்டும்?

பேய், தோஷம் போக்கவென்று கழிப்புக் கழிக்கும்போது உருவேறி ஆடும் பிள்ளையைப் படமெடுத்துப் போடுவதை நிறுத்துங்கள். வீட்டார் சம்மதித்தார்கள் என்பது காரணமாகாது; அந்த நேரத்தில் அவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். பெயரை மறைத்து “சாம்பல்தீவுப் பிள்ளை, தகப்பன் கடற்தொழில்” என்றாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போதும் அந்தக் காணொளி இருக்கும்.

“21 நாளில் பூரண சுகம்” என்ற வாக்குறுதி, முன்பணம் கேட்பது, இவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரானால் அதைச் சொல்லுங்கள். பெறாதவரானால் பெற்றதுபோலக் காட்டாதீர்கள்.

சில செய்திகளுக்குப் பரிகாரமே சொல்லக்கூடாது. பிள்ளை பெற்று இரண்டு வாரத்துக்குள் தாய் நித்திரையில்லாமல் குழம்பிப் பேசினால், அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நிலை. “இனி இருந்து பிரயோசனமில்லை” என்று இரவில் ஒருவர் எழுதினாலும் அப்படித்தான். மந்திரத்தை அனுப்பிவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். “சாகவேண்டும் என்று நினைக்கிறீர்களா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பக்கத்தில் யார் இருக்கிறார் என்று விசாரித்து, அவரைத் தொலைபேசிக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணிநேரமும் இயங்குகிறது, அம்புலன்ஸுக்கு 1990. எதையாவது குடித்துவிட்டார் என்றால் வாந்தியெடுக்க வைக்கும் கைவைத்தியம் வேண்டாம், உடனே 1990. பொலிஸ் வழக்கு வரும் என்று வீட்டார் ஒளித்தால், தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமில்லை என்று சொல்லுங்கள். எப்படிச் செய்தார் என்ற விபரத்தைப் பொதுவில் எழுதாதீர்கள். அடுத்த நாள் காலையில் மறுபடியும் அழைத்து, ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்று கேளுங்கள்.