வேலைக்குத் தூரப் பயணம்: பெட்ரோல் செலவையும் புகையையும் குறைக்கும் வழி

வேலைக்குக் காரில் தினமும் வெகுதூரம் போய்வருபவர்கள், செலவு கையைக் கடித்ததும் முதலில் தேடுவது புது வண்டியைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். இருக்கும் வண்டியிலேயே குறைக்க நிறைய இருக்கிறது.

படி 1: கணக்கு எடுங்கள்

டேங்கை நிரப்பும்போது பம்ப் தானாக நின்றதும் விட்டுவிடுங்கள். மீட்டரில் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள். மறுபடி அதேபோல் நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் நிஜ மைலேஜ்.

உதாரணமாக, போக வர 80 கி.மீ., மைலேஜ் 16 என்றால் ஒரு நாளைக்கு 5 லிட்டர். மாதம் 22 வேலை நாளுக்கு 110 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். ஆக, மாதம் 250 கிலோ. (ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே என்றால், எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறது.)

படி 2: போகாத நாள் ஒன்று

வாரம் ஐந்து நாளில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்தால், ஐந்தில் ஒரு பங்கு அப்படியே மிச்சம். கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் காசா பணமா?

படி 3: காலி சீட்டை நிரப்புங்கள்

இதில் கிடைக்கும் மிச்சம் பெரியது. இருவர் சேர்ந்தால் ஆளுக்குப் பாதிச் செலவு, ஒரு வண்டி சாலைக்கே வராது. ஆனால் பல கூட்டணிகள் பணத்திலும் காத்திருப்பதிலும்தான் உடைகின்றன. அதனால் முதல் நாளே பேசி முடியுங்கள்: எத்தனை நிமிடம் காத்திருப்பது, வராத நாளுக்குப் பங்கு உண்டா, ஒருவருக்கு ஓவர்டைம் வந்தால் மற்றவர் எப்படித் திரும்புவது. மாற்றி மாற்றி வண்டி எடுத்தால் பணக் கணக்கே தேவைப்படாது. வாங்கும் தொகை எரிபொருள் பங்கைத் தாண்டினால் அது வாடகைபோல் ஆகிவிடும், காப்பீட்டில் சிக்கல் வரலாம்.

படி 4: டயர், சுமை

மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றைப் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அதைப் பின்பற்ற வேண்டாம். மேலே சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்றிவிடுங்கள்.

படி 5: வேகம்

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. 100லிருந்து 80க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு 36 சதவீதம் குறையும். 40 கி.மீ. தூரத்தில் அதற்குக் கொடுக்கும் விலை ஆறே நிமிடம்! முன்னே சிக்னல் சிவப்பாகத் தெரிந்தால் அப்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கடைசி நொடியில் பிரேக் மிதித்தால், காசு கொடுத்து வாங்கிய வேகம் சூடாகி வீணாகும்.

படி 6: பாதி வழி ரயில்

வீட்டு வாசலில் ரயிலோ பஸ்ஸோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஸ்டேஷன் வரை வண்டி, அப்புறம் ரயில். கட்டுப்படியாகுமா என்று பார்க்கும்போது மாதப் பாஸோடு ஸ்டேஷன் பார்க்கிங் கட்டணத்தையும் கூட்டுங்கள். அந்தப் பக்கம் ஆபீஸ் பார்க்கிங்குக்கு நீங்கள் பணம் கட்டுபவர் என்றால், அதைக் கழிக்கவும் மறக்காதீர்கள்.