யூதத் திருமணத்தில் உறவினராக நிற்கும்போது

மணமக்களுக்கு நெருங்கிய உறவு என்றால், 'ஹூப்பா' என்னும் துணிப் பந்தலின் அருகில் உங்களை நிற்கச் சொல்லக்கூடும். சடங்கு முடியும்வரை உட்கார முடியாது. குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டாம். ஆண்கள் 'கிப்பா' என்ற சிறு தொப்பி அணிய வேண்டும். பெரும்பாலும் வாசலிலேயே கூடையில் வைத்திருப்பார்கள். வழுக்கைத் தலையில் அது வழுக்கிக்கொண்டே இருக்கும், என்ன செய்வது!

பழமை பேணும் குடும்பமென்றால் பெண்கள் தோளும் முழங்கையும் மறைய உடுத்துவது நல்லது. எதிர்பாலினரிடம் கைகுலுக்க நீங்களாகக் கை நீட்டாதீர்கள்.

மொய்ப்பணத்தை 18இன் மடங்காக வையுங்கள். எபிரேயத்தில் 'உயிருள்ள' என்று பொருள்படும் சொல்லின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் 18 வரும்.

கடைசியில் மணமகன் துணியில் சுற்றிய கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பார். பதறாதீர்கள். 'நறுக்' என்ற சத்தம் கேட்டதும் 'மஸல் தோவ்!' (வாழ்த்துகள்!) என்று கூவிவிடுங்கள்.