படகு பேட்டரியைச் சோதிக்க வோல்ட் மீட்டர் மட்டும் போதாது

படகின் விளக்குகளுக்கும் மீன் காட்டும் கருவிக்கும் மின்சாரம் தரும் டீப் சைக்கிள் பேட்டரி (பெருமளவு காலியாக்கி மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்ய ஏற்ற வகை), சார்ஜரிலிருந்து கழற்றியவுடன் 13 வோல்ட் காட்டினால், அதை நம்பிக் கடலுக்குப் போய்விடாதீர்கள். அது தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய மின்னேற்றம் மட்டுமே. எதையும் இணைக்காமல் ஓர் இரவு முழுவதும் வைத்திருந்து காலையில் அளந்தால்தான் உண்மை தெரியும். ஈய அமில வகையில் 12.6 அல்லது 12.7 வோல்ட் என்பது முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி.

ஆயினும் வோல்ட் சார்ஜின் அளவைச் சொல்லுமே தவிர, பேட்டரியின் ஆயுளைச் சொல்லாது. மூடி திறக்கக்கூடிய பேட்டரியாயின், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு, ஆறு அறைகளின் அமிலத்தையும், அதன் அடர்த்தியை மிதவையால் காட்டும் ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பாருங்கள். ஐந்து அறைகளில் மிதவை 1.265-ஐ ஒட்டி நிற்க, ஒன்றில் மட்டும் 1.200 வரை அமிழ்ந்து, மீண்டும் முழுமையாக சார்ஜ் செய்த பின்னும் எழாவிட்டால், அந்த அறை பழுதடைந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

நான் பெரிதும் நம்புவது சுமைச் சோதனையைத்தான். முழு சார்ஜில் உள்ள 100 ஆம்பியர் ஹவர் பேட்டரியில், 5 ஆம்பியர் இழுக்கும் 60 வாட் விளக்கை எரியவிட்டு, அது எரியும்போதே அளந்து, 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை மணி நேரமாகிறது எனக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பேட்டரி 20 மணி நேரம் தாங்கும் (5 ஆம்பியர் × 20 மணி நேரம் = 100 ஆம்பியர் ஹவர்); 12 மணி நேரத்திலேயே இறங்கினால், அதில் 60 ஆம்பியர் ஹவர்தான் மிஞ்சியிருக்கிறது. சோதனை முடிந்த கையோடு சார்ஜ் போட்டுவிடுங்கள். காலியாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும்.