தழை எரிந்ததா, மண் எரிந்ததா? காட்டுத்தீ வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவில் தீப்பருவம் முடியும்போதெல்லாம், தீ மண்ணை எவ்வளவு பாதித்தது என்று காட்டும் மண் எரிவுத் தீவிர வரைபடம் தயாரிக்கப் புதியவர்கள் வந்து சேர்கிறார்கள். மேகம் மறைத்த படத்தை எடுக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கணக்கில் வந்த எண்ணையே மண்ணின் நிலையாகக் கொள்வது

தீக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் அண்மை அகச்சிவப்பு, குற்றலை அகச்சிவப்புப் பட்டைகளைக் கொண்டு எரிவு விகிதத்தைக் கணக்கிட்டு, அவற்றின் வேறுபாட்டை எரிவின் தீவிரத்தின்படி நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறோம். அமெரிக்க வனத்துறையின் அவசரகாலக் குழுக்கள் இதை முதல் வரைவாக மட்டுமே கொண்டு, களத்தில் சரிபார்த்துத் திருத்துகின்றன. புதியவர்களோ நிறம் தீட்டிய கையோடு அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது மாறாதது எனக்கு இன்றும் எரிச்சல் தருகிறது.

செயற்கைக்கோளின் கண்ணில் முதலில் படுவது தழைதான். சப்பரல் புதர்க்காட்டில் காற்று விரட்டும் தீ ஓர் இலையையும் மிச்சம் வைக்காமல் விரைந்து கடந்துவிடுவதால், வேறுபாடு உச்சத்தைத் தொட்டாலும் மண்ணுக்குள் வெப்பம் ஆழமாக இறங்கியிருக்காது. வரைபடத்தில் கடுமையான எரிவு என்று முழுச் சிவப்பாக வந்த அப்படியொரு சரிவுக்கு, வரைந்த இளைஞரையே அழைத்துச் சென்றேன். கரிய சாம்பலை விரலால் ஒதுக்கியதும் மண் கட்டி குலையாமல் தெரிந்தது. நுண்வேர்கள் ஒடியாமல் வளைந்தன. நேர்மாறாக, ஊசியிலைக் காட்டில் மேல்விதானம் பச்சையாகவே இருக்க, அடியில் இலைமக்கு நாள்கணக்கில் கனன்று, வெண்சாம்பலும் பொடிந்த மண்ணுமே எஞ்சியிருக்கும். படமோ அதைக் குறைந்த எரிவு என்று காட்டும்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம், மழையில் பாறையும் சேறுமாக இறங்கும் மண்சரிவுப் பெருக்கைக் கணிக்கும்போது, 23 பாகையோ அதற்கு மேலோ சரிந்த நிலத்தில் மிதமாகவோ கடுமையாகவோ எரிந்த பரப்பின் விகிதத்தையும் கணக்கில் கொள்கிறது. 2017 டிசம்பரில் தெற்குக் கலிபோர்னியாவில் மூண்ட தாமஸ் தீக்குப் பின், 2018 ஜனவரி 9 அன்று மாண்டிசிட்டோவில் பாறையும் சேறும் இறங்கி 23 பேர் இறந்தனர். வகுப்பைக் குறைத்துக் காட்டினால் ஆபத்தான ஓடைக்கரை எச்சரிக்கையிலிருந்து விடுபடும். கூட்டிக் காட்டினால் வீணாக வெளியேற்றப்பட்டவர்கள் அடுத்த எச்சரிக்கையை மதிக்க மாட்டார்கள்.

களத்தில் சாம்பலை விலக்கி மண்மீது நீர்த்துளி விடுங்கள். உறிஞ்சப்படாமல் முத்தாக நின்றால், மண் நீரை ஒதுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சப்பரல் மண் எரியாமலே நீரை ஒதுக்கக்கூடியது என்பதால், பக்கத்தில் எரியாத இடத்திலும் இதைச் செய்தாக வேண்டும்.

இரவல் வரம்புகள்

எரிவு விகித வேறுபாட்டை வகுப்புகளாகப் பிரிக்கப் பலரும் எடுத்தாளும் 0.27, 0.44, 0.66 ஆகிய எல்லைகள் எல்லாக் காட்டுக்கும் பொருந்தா.

பருவம் பொருந்தாத படங்கள்

ஏப்ரலில் பச்சையாக இருந்த புல் செப்டம்பரில் காய்ந்திருப்பதையும் கணக்கு எரிவாகவே காட்டும். டிசம்பரில் வடக்குச் சரிவுகளின் நிழலும் ஏமாற்றும்.

சென்டினல்-2 படத்தின் 1000

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2இன் படங்களுக்கு 2022 ஜனவரி 25 முதல் வந்த செயலாக்க முறையில் ஒவ்வொரு பிக்சல் மதிப்பிலும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. கழிக்காவிட்டால் விகிதம் சுருங்கிவிடும். ஏற்கெனவே சீராக்கிய தொகுப்பைப் பயன்படுத்துவோர் மறுபடியும் கழிக்கக் கூடாது.