சுதந்திர தேவி சிலைக்கு அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

ஜூன் பிறந்துவிட்டால் நியூ ஜெர்சியில் எடிசன், ஐஸ்லின் பக்கத்துப் பூங்காக்களில் புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட அம்மாக்கள் நடைப்பயிற்சியைத் தொடங்கிவிடுவார்கள். அவர்களை எங்கெல்லாம் கூட்டிப் போவது என்பதில் நம் ஆட்களுக்குக் குழப்பமே கிடையாது. முதலில் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோவில், அடுத்தது சிலை. ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டில் கேட்கப்போகும் முதல் கேள்வியே "அந்தச் சிலையைப் பாத்தீங்களா?" என்பதுதானே.

இந்த வருடம் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் புதிதாக வந்த இரண்டு குடும்பங்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஏமாந்த கதையும் இதில் வரும். அதுதான் முக்கியமே.

முறைப்படி செய்ய வேண்டியதை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிலை இருக்கும் லிபர்ட்டி தீவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. நாம் கொடுக்கும் காசு படகுக்குத்தான். தீவில் ஆளை இறக்கிவிட அனுமதி பெற்றது ஒரே ஒரு நிறுவனம், ஸ்டாச்சு சிட்டி குரூசஸ். மன்ஹாட்டன் தெற்கு முனையில் பேட்டரி பார்க்கிலிருந்து ஒரு வழி, நியூ ஜெர்சியில் லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலிருந்து இன்னொரு வழி. பெரியவர்களுக்கு 25 டாலரை ஒட்டி வரும். அந்தக் காலத்தில் கப்பலில் குடியேற வந்தவர்கள் இறங்கிய எல்லிஸ் தீவும் அதிலேயே அடக்கம். தேசியப் பூங்காக்களுக்கு வருடச் சந்தா அட்டை வைத்திருக்கிறேன் என்று அதை நீட்டாதீர்கள், படகுக்குச் செல்லாது.

டிக்கெட்டில் மூன்று ரகம்: தரை, பீடம், கிரீடம். விலையில் வித்தியாசம் சில்லறைதான், ஆனால் கிரீடம் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். பீடத்திலிருந்து கிரீடம் வரை 162 படிகள். குறுகலான சுருள்படி, லிஃப்ட் கிடையாது, கோடையில் உள்ளே வெந்துபோகும். குழந்தைகள் 42 அங்குல உயரமாவது இருக்க வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்குப் பீடமே போதும், அதற்கு லிஃப்ட் உண்டு. கிரீடத்துக்குப் போடுபவர்கள் பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். டிக்கெட்டில் இருக்கும் பெயரைப் புகைப்பட அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம் அப்பாக்களுக்கு பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், நாம் கூப்பிடுவது ஒன்று, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று ஒரு பஞ்சாயத்து. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக அடியுங்கள்.

இனி என் கதை.

2016 ஜூலை. நான் இங்கே வந்த பிறகு அப்பாவும் அம்மாவும் வந்த முதல் கோடை. எங்களுக்கு நாகர்கோவில். சிலைக்குப் படகில் போவது எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு பெரிய விஷயமா? கன்னியாகுமரியில் கியூவில் நின்று பூம்புகார் படகு ஏறி, விவேகானந்தர் பாறையில் இறங்கி வளர்ந்தவன் நான். அந்த மிதப்பில் ஆன்லைனில் எதையும் பதிவு செய்யவில்லை. போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நாங்கள் நான்கு பேரும் ரயிலேறி, பென் ஸ்டேஷனில் 1ஆம் நம்பர் ரயிலுக்கு மாறி, சவுத் ஃபெர்ரியில் இறங்கினோம்.

படியேறி வெளியே வந்ததுமே ஒருவர் எதிரில் நின்றார். பளிச்சென்ற நிறத்தில் மேல்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் சிலைப் படம் போட்ட லேமினேட் தாள். "சிலைக்கா? இன்று கியூ மூன்று மணி நேரம். அம்மாவை வெயிலில் நிற்க வைக்காதீர்கள். எங்கள் படகில் காத்திருக்கவே வேண்டாம்" என்றார். அம்மாவைப் பார்த்து இரண்டு கையும் கூப்பி ஒரு "நமஸ்தே" வேறு. தூரத்தில் பார்த்தால் உண்மையிலேயே பெரிய கியூ நின்றது. ஆளுக்கு 42 டாலர், மொத்தம் 168. அன்றைய கணக்குக்குப் பதினோராயிரம் ரூபாய்க்கு மேல். மனதுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்து வயிறு எரிந்தாலும், அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் கார்டை எடுத்து நீட்டிவிட்டேன்.

அங்கிருந்து இன்னொரு ஆள் எங்களை வேறொரு படகுத்துறைக்கு நடத்திக் கூட்டிப் போனார். சோதனை எதுவும் இல்லை, நேராகப் படகில் ஏறினோம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். படகு நன்றாகத்தான் போனது. ஒலிபெருக்கியில் ஒருவர் ஜோக் அடித்தபடி வந்தார். சிலை கிட்டே வர வர அம்மா பையைத் தோளில் மாட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, இறங்கும் வழிப்பக்கம் போய் நின்றுகொண்டார். படகு சிலைக்கு எதிரே பத்து நிமிடம் நின்றது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். அப்புறம் மெதுவாக மூக்கைத் திருப்பி, வந்த வழியே கிளம்பிவிட்டது.

"எப்ப இறங்கணும்?" என்றார் அம்மா.

எனக்குத் தொண்டையை அடைத்தது. அப்பாதான் பதில் சொன்னார். "கடல் உள்வாங்கிருக்கும். நம்ம ஊர்லயும் அப்படித்தானே, வள்ளுவருக்குப் படகு விடமாட்டான்லா."

கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியும். கண்ணாடிப் பாலம் வருவதற்கு முன்பு, நீர்மட்டம் தாழ்ந்தாலோ கடல் சீறினாலோ விவேகானந்தர் பாறையோடு திருப்பிக் கூட்டி வந்துவிடுவார்கள். வள்ளுவரைத் தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில் அப்பா சொல்லிவிட்டார். நானும் "ஆமாப்பா, கடல் சரியில்லை" என்றேன். உண்மையைச் சொல்லும் தெம்பு அன்றைக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காரணம், ரசீதில் பொடி எழுத்தில் 'சிலையைச் சுற்றிக் காட்டும் படகுப் பயணம்' என்று தெளிவாகவே இருந்தது. தீவில் இறக்கிவிடுவோம் என்று எங்கேயும் எழுதவில்லை. சட்டப்படி அவன் பொய் சொல்லவில்லை, நான்தான் படிக்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

இதில் மாட்டுகிறவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர், அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஊரில் பெரிய கியூவைப் பார்த்தால் நம் கண் தானாகவே 'தெரிந்த ஆள்' யாராவது இருக்கிறாரா என்று தேடும். கோவிலில் ஸ்பெஷல் தரிசனம், ஆர்.டி.ஓ. ஆபீசில் ஏஜெண்ட், கல்யாண மண்டபப் பந்தியில் மாமா பையன். பத்துக்கு ஐந்து தடவை அந்த ஆள் வேலையை முடித்தும் கொடுப்பார். இங்கே, இந்த ஒரு இடத்தில், அப்படி ஒரு ஆளே இல்லை. படகேறும் முன் விமான நிலையம் மாதிரி ஒரு பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. அந்தக் கியூதான் நீங்கள் தூரத்தில் பார்ப்பது. யார் எந்த டிக்கெட் வைத்திருந்தாலும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் தீவுக்குப் போக முடியும். ஆகவே, சோதனை இல்லாமல் படகேறினால் அந்தப் படகு தீவில் நிற்காது. இதை மட்டும் நினைவில் வைத்தாலே போதும்.

"படகு தீவில் நிற்குமா என்று கேட்டுவிட்டு வாங்கினால் சரிதானே?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்கவே கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்கள். இலவசப் படகுக்கே டிக்கெட் விற்றவர்கள் அந்தத் தெருவில் உண்டு. ஸ்டேட்டன் ஐலண்ட் போகும் ஆரஞ்சு நிற அரசுப் படகுக்குக் காசே கிடையாது, இரவு பகலாக ஓடுகிறது, சிலையைக் கொஞ்சம் தள்ளிக் கடந்து போகும். சிலையைப் பார்த்தால் போதும், இறங்க வேண்டாம் என்பவர்கள் அதில் ஏறி, அக்கரையில் இறங்கி, மறுபடி ஏறி வந்துவிடலாம். நான் 168 டாலர் கொடுத்துப் பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

பேட்டரி பார்க்கில் நேரில் வாங்குவதென்றால் காஸில் கிளிண்டன் என்ற வட்டமான பழைய கற்கோட்டைக்குள் இருக்கும் கவுண்டரில் மட்டும் வாங்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து அங்கே போகும் வரை யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதீர்கள். மரியாதைக் குறைவாக இருக்குமே என்று நிற்காதீர்கள். நின்றால் முடிந்தது. ஆன்லைனிலும் இதே தெருதான். தேடினால் முதலில் வருவதெல்லாம் இடைத்தரகர்களின் விளம்பரம். நேஷனல் பார்க் சர்வீஸ் தளத்துக்குப் போய், அங்கிருக்கும் இணைப்பு வழியாகப் படகு நிறுவனத்துக்குப் போங்கள்.

எல்லாவற்றையும் விட நல்லது, நியூ ஜெர்சியில் இருப்பவர்கள் மன்ஹாட்டனுக்கே போகாமல் இருப்பது. லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கில் காரை நிறுத்திவிட்டு, பழைய ரயில் நிலையக் கட்டடத்துக்குப் பக்கத்தில் படகேறலாம். கூட்டமும் குறைவு. 2019இல் அப்பா அம்மா இரண்டாம் முறை வந்தபோது அப்படித்தான் போனோம். காலை முதல் படகையே பிடியுங்கள். மதியம் 2 மணிக்கு மேல் ஏறினால் ஒரு தீவுக்குத்தான் நேரம் இருக்கும். கையில் கத்தி இருக்கக் கூடாது. ஆப்பிள் நறுக்க என்று அம்மா கைப்பையில் ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. சோதனையில் அது போயிற்று. புளியோதரை தப்பித்தது.

கரையிலிருந்து தெரிவது சிலையின் முதுகு. அரை மைல்கூட இருக்காது. அந்தக் கரையில் முன்பு பிளாக் டாம் என்ற வெடிமருந்துக் கிடங்கு இருந்தது. 1916 ஜூலை 30 அன்று ஜெர்மன் உளவாளிகள் அதை வெடிக்க வைத்ததில் சிதறிய துண்டுகள் சிலையில் பட்டன. தீப்பந்தம் வரை ஏறிப்போவது அதோடு நின்றது, இன்று வரை திறக்கவில்லை. பழைய தீப்பந்தத்தைத் தீவில் 2019இல் திறந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதைத் தவற விடாதீர்கள். அங்கேதான் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு விவாதம். சிலையின் செம்புத் தகடு 2.4 மில்லிமீட்டர்தான், உள்ளே ஈஃபில் கோபுரத்துக்காரர் ஈஃபில் போட்டுக் கொடுத்த இரும்புச் சட்டம் தாங்குகிறது என்று படித்துச் சொன்னேன். "தகடா? நம்ம வள்ளுவரு முழுக் கல்லுல்லா" என்றார் அப்பா. உயரத்தில் அம்மணி ஜெயித்துவிடுகிறார். பீடம் இல்லாமலே 151 அடி. வள்ளுவர் பீடத்தோடு சேர்த்து 133. "அது அதிகாரக் கணக்கு. வேணும்னா கூட்ட முடியாதா?" என்று முடித்துவிட்டார்.

எல்லிஸ் தீவை அவசரமாகப் பார்க்காதீர்கள். 1892 முதல் 1954 வரை 1 கோடியே 20 லட்சம் பேர் அந்த வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். கீழே நுழைந்ததும் அவர்கள் காலத்துப் பெட்டி, கூடை, மூட்டையெல்லாம் குவித்து வைத்திருக்கிறார்கள். அம்மா ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார். "இவங்களைப் பாக்க அம்மை அப்பன் யாராவது வந்திருப்பாங்களா மக்கா?" என்று கேட்டார். இருக்காதும்மா என்றேன். விமானத்தில் வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிற காலமா அது. அம்மா ஒன்றும் சொல்லாமல் புளியோதரை டப்பாவைத் திறந்தார்.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. தீவிலிருந்து நியூயார்க்குக்கும் நியூ ஜெர்சிக்கும் தனித்தனிப் படகு. பலகையைப் பார்த்து ஏறுங்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் கூட்டத்தோடு கூட்டமாக நியூயார்க் படகில் ஏறிவிட்டார். கார் இந்தக் கரையில், மனைவி, குழந்தை, மாமியாரோடு அவர் அந்தக் கரையில். உலக வர்த்தக மையம் வரை நடந்து, பாத் ரயில் பிடித்து ஜெர்சி சிட்டி வந்து, அங்கிருந்து டாக்சியில் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டதாம். வழியெல்லாம் மாமியார் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது என்றார்.