கேரட்டுக்குள் எலும்பு: எக்ஸ்ரே கண்ணாடி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சோதனைகள் செய்து காட்டி வருகிறேன். போன மே மாதம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், அவன் சித்தப்பா வாங்கிக் கொடுத்த ‘எக்ஸ்ரே கண்ணாடி’யோடு வந்தான். பிளாஸ்டிக் சட்டம், அதில் அட்டையால் ஆன வில்லைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்ன ஓட்டை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரலை நீட்டி, “சார், எலும்பு தெரியுது!” என்றான். வாங்கிப் பார்த்தேன். விரலின் ஓரங்கள் சாம்பல் நிறமாகவும் நடுவில் கறுப்பாக ஒரு பட்டையும் எனக்கும் தெரிந்தன.

இந்த இடத்தில் பெரியவர்கள் செய்யும் தவறு, “எல்லாம் ஏமாத்து வேலை, தூக்கிப் போடு” என்பது. பிள்ளை கண்ணால் கண்டதை இல்லை என்று சொன்னால், அவன் சந்தேகப்படப்போவது நம்மைத்தான். நான் மேசையில் இருந்த ஊட்டி கேரட் ஒன்றை எடுத்து நீட்டினேன். கேரட்டுக்குள்ளும் எலும்பு தெரிந்தது. பென்சிலுக்குள்ளும் தெரிந்தது. உடனே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உள்ள என்ன சார் இருக்கு?” என்றான்.

உள்ளே இருப்பது பறவை இறகு. இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒட்டியிருப்பார்கள். இறகின் இழைகள் மிக நெருக்கமாக, ஒரே சீரான இடைவெளியில் நிற்பதால் அவற்றின் வழியே வரும் ஒளி வளைந்து பிரிகிறது. பாடப்புத்தகத்தில் வரும் விளிம்பு விளைவு இதுதான். ஒரு விரல் சற்றே விலகிய இரண்டு பிம்பங்களாகத் தெரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நடுப்பகுதி கறுப்பாகவும், விழாத ஓரங்கள் வெளிறியும் இருக்கும். அந்தக் கறுப்பைத்தான் எலும்பு என்கிறோம். எக்ஸ்ரே ஃபிலிமில் எலும்பு வெள்ளையாக அல்லவா இருக்கும்? அதைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிரெகரி, இறகின் வழியே சூரிய ஒளியைச் செலுத்தி வண்ணங்கள் பிரிவதை 1673இலேயே எழுதி வைத்தார். அவ்வளவு பழைய, அவ்வளவு அழகான சோதனை இந்தப் பொம்மைக்குள் இருக்கிறது. கழுவிக் காயவைத்த கோழி இறகைக் கண்ணருகே பிடித்து, இருட்டறையில் தூரத்து மெழுகுவர்த்தியைப் பாருங்கள். சுடரைச் சுற்றி வண்ணப் புள்ளிகள் விரியும்.

ஆனால் இறகு வழியாகவோ இந்தக் கண்ணாடி வழியாகவோ சூரியனைப் பார்க்கவே கூடாது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமும் அப்படித்தான். 2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் ஊட்டி வழியாகச் சென்றது. கிரகணம் என்றதும் பீரோவிலிருந்து எக்ஸ்ரே ஃபிலிமைத் தேடி எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஃபிலிம் கூச்சத்தைத்தான் குறைக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் கெடுவதும் தெரியாது. கிரகணத்துக்கென்றே தயாரித்த, கீறல் இல்லாத வடிகண்ணாடி போதும். இல்லையென்றால் ஊசித்துளை வழியே பிம்பத்தைத் தாளில் விழவைத்துப் பாருங்கள்.

காமிக்ஸ் படிக்கும் பிள்ளைகளிடம் இன்னொரு குழப்பம் உண்டு. நாயகன் கண்ணிலிருந்து டார்ச் போலக் கதிர் பாயும், சுவருக்குப் பின்னால் இருப்பது தெரியும். 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ் கதிரைக் கண்டறிந்த ரான்ட்ஜன், டிசம்பர் 22இல் மனைவியின் கையைப் படமெடுத்தபோது கதிர் ஒரு பக்கம், தகடு மறுபக்கம், கை நடுவில். எக்ஸ்ரே என்பது நிழல். நாயகன் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டால் அந்த நிழல் எதிரிக்குப் பின்னால் அல்லவா விழும்? கொஞ்சம் கதிர் சிதறித் திரும்பினாலும், நம் கண்ணின் வில்லையால் அதைக் குவிக்க முடியாது. சூப்பர்மேனால் ஈயத்தை ஊடுருவிப் பார்க்க முடியாது என்பது மட்டும் இயற்பியலுக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. எக்ஸ்ரே அறையில் ஈய அங்கி மாட்டுவதும் அதற்காகத்தான்.

கதைகளில் இந்தப் பார்வை யாரையும் காயப்படுத்துவதில்லை. நிஜத்தில், எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி எக்ஸ் கதிரில் தொடர்ந்து வேலை செய்து, கைகளை இழந்து 1904இல் இறந்தார். அப்படியிருந்தும் பின்னாளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செருப்புக் கடைகளில் குழந்தைகளின் பாதத்தை எக்ஸ்ரேயில் காட்டி அளவு பார்த்தார்கள். 1950களில்தான் அதற்குத் தடை வரத் தொடங்கியது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

உடல் சூட்டைப் படமாக்கும் வெப்பக் கேமராவையும் எக்ஸ்ரேயையும் ஒன்றாக்காதீர்கள். இரவில் தேயிலைத் தோட்டத்தில் நிற்கும் யானையை வெப்பக் கேமரா காட்டும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஆளைக் காட்டாது.

அடுத்த ஞாயிறு அந்தப் பையன் கோழி, வாத்து, புறா என்று மூன்று இறகுகளோடு வந்தான். இழை எவ்வளவு நெருக்கமோ, வண்ணப் புள்ளிகள் அவ்வளவு விலகி விழும் என்று மட்டும் சொன்னேன். மெழுகுவர்த்தியை ஏற்றி, மூன்றையும் அந்த வரிசையில் அவனே அடுக்கினான்.